கத்திரி சார் பிடுங்கிய வயர்

"இது அநியாயம் சார்! இருக்கறது மூணு மெஷின். கண்ணை மூடிட்டு ஏதோ ஒண்ணைப் பிடுங்க வேண்டியதுதானே? அக்காவோடதையே தேடிப் போய்ப் பிடுங்கறீங்க!"

வகுப்புத் தலைவன் கொதித்தான். ஈவிரக்கம் பார்க்காமல் மார்க்கை வெட்டுவதால் 'கத்திரி' என்று பெயர் வாங்கிய பேராசிரியர், பிடுங்கிய வயரோடு மேஜைக்கு அடியிலிருந்து எழுந்தார்.

"மத்த ரெண்டும் ஓடுதா பாரு."

ஆபரேட்டிங் சிஸ்டம் லேப் பரீட்சையே அதுதான். மூன்று பேர் கொண்ட குழு, ஆளுக்கொரு கம்ப்யூட்டர்; மூன்றும் ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்யும். நடுவில் சார் ஒன்றின் வயரைப் பிடுங்குவார். மிச்சம் இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, போனதன் பங்கையும் இழுத்துப் போட்டு முடிக்க வேண்டும். ஆனால் சார் கை வைக்காமல் ஏதாவது ஒன்று தானாக ஹேங் ஆகி நின்றுபோனால் மூவருக்கும் பூஜ்யம்.

இரண்டும் ஓடின. மூவருக்கும் முழு மார்க்.

தலைவனுக்கு மனசு ஆறவில்லை. வகுப்பிலேயே மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் அக்கா; கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிக்க வந்தவள். இதில் தேறினால்தான் கிடைத்த வேலையில் சேரலாம். அவள் எழுதின புரோகிராம் ஓடுவதைப் பார்க்கக்கூட இந்த மனுஷனுக்கு மனசில்லையே!

வராந்தாவுக்கு வந்ததும் பேப்பரை எடுத்தான்.

"துறைத் தலைவருக்குப் புகார் எழுதறேன். உங்க மெஷினையும் வச்சு மறுபடி பரீட்சை நடத்தணும்."

"வேண்டாம் தம்பி, விட்டுடு."

"நீங்க இப்படிப் பயந்து பயந்துதான்க்கா அவருக்குக் கொம்பு முளைச்சிருக்கு!"

மூன்றாவது கூட்டாளி ஒருத்தன் இருந்தான். வருஷம் முழுக்க வாயே திறக்காத ஊமைக்கோட்டான். அவனே ரோஷத்தோடு முதல் கையெழுத்தைப் போட்டான். தலைவன் 'கல்நெஞ்சக்காரர்' என்று எழுதி, போதாதென்று இரண்டு முறை அடிக்கோடு இழுத்தான்.

அக்கா வெடுக்கென்று பேப்பரைப் பறித்துச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

"என்னக்கா இது!"

"மெதுவாப் பேசுடா, லூசு!" அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் காதருகே வந்தாள். "மேஜைக்கு அடியில குனியறப்போ என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? 'உன் மெஷின் ஹேங் ஆகி ரெண்டு நிமிஷம் ஆச்சும்மா. திங்கட்கிழமைக்குள்ள சரி பண்ணி என்கிட்ட காட்டணும். இப்போதைக்கு, நான் கொன்னதாவே இருக்கட்டும்'னாரு."