நாற்பது நிமிட நம்பிக்கை

தலைவர் கையை உயர்த்தியதும் பத்துப் பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

பல் டாக்டரின் மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தது. அவர் அதை விரட்டவில்லை.

பத்தடி தள்ளி, மஞ்சள் பூ ஒன்றின் மேல், வெள்ளை வண்ணத்துப்பூச்சி இறக்கையை விரித்தபடி உட்கார்ந்திருந்தது.

தலைவருக்கு முன்னால் முக்காலியில் அவருடைய கேமரா. அதன் லென்ஸைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துத்தான் தூக்கி வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பீரங்கி சார் என்று பெயர். முன்னால் வெறும் சார்.

“நாப்பது நிமிஷமா அசையாம உக்காந்திருக்கு. ஏன் தெரியுமா? அது என்னை நம்புது.”

வண்ணத்துப்பூச்சிக் கழகத்தார் தலையை ஆட்டினார்கள். அதையும் மெதுவாகத்தான் ஆட்டினார்கள்.

காற்றில் இறக்கை லேசாக நடுங்கியபோது அது சிலிர்ப்பு என்று விளக்கம் சொன்னார். அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு படம் ஆகியிருந்தது. அதில் சிறந்ததைக் கேமராத் திரையிலிருந்து செல்போனில் பிடித்து, ‘நம்பிக்கை’ என்று தலைப்பிட்டு, கழகத்தின் வாட்ஸப் குழுவுக்கும் சொந்தக்காரர்கள் குழுவுக்கும் அனுப்பியும் விட்டார். பக்கத்திலேயே நின்ற செயலாளர், கட்டைவிரல் படத்தை உடனே பதிலாக அனுப்பினார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஓரமாக நின்ற தையல்கடை அக்கா தலைவரின் கண்ணில் பட்டார்.

தோட்டம் என்னவோ ஊருக்குப் பொதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கழக உறுப்பினர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். அக்காவின் கடைக்கு லீவு அன்றைக்குத்தான். ஆறு மாதமாக அவர் வேலிக்கு வெளியே நின்று, தப்பித் தவறி வெளியே வரும் பூச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே பூ இருக்கும்போது எந்தப் பூச்சி வெளியே வரும்? தேறியது ஒன்பது படம்.

கழகத்தில் சேர இன்றைக்கு அவருக்குத் தேர்வு. உறுப்பினர்கள் முன்னிலையில் ஒரு படம் எடுக்க வேண்டும். உணர்கொம்பு இரண்டும் தெளிவாக விழ வேண்டும். தவறினால் அடுத்த விண்ணப்பம் அடுத்த வருடம்.

அக்காவின் கேமரா உள்ளங்கைக்குள் அடங்கும். பேட்டரி மூடி நிற்காததால் கடையிலிருந்த இலாஸ்டிக்கைச் சுற்றிப் போட்டுத் தைத்திருந்தார். தூரத்தில் இருப்பது அதில் புள்ளியாகத்தான் விழும். பூப்படம் போட்ட பொத்தானை அமுக்கி, ஒரு சாண் கிட்டத்தில் கொண்டுபோனால் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும்.

இதை ஒரே பார்வையில் அளந்துவிட்ட தலைவர், பெரிய மனது பண்ணி, தன்னுடைய பூச்சியையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது பறந்துவிட்டால் தேர்வும் முடிந்தது என்பதைச் சொல்லாமல் சொல்லும் பொறுப்பைச் செயலாளரிடம் விட்டார். செயலாளர் அதைச் சொல்லியே சொன்னார்.

வெளியே துணைக்கு நின்ற நாத்தனார், வேலி இடுக்கில் வாயை வைத்தாள்.

“அண்ணி, பறக்க விட்டுட்டீங்கன்னா இன்னும் ஒரு வருஷம் எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கணும்.”

அக்கா செருப்பைக் கழற்றினார். மண்டியிட்டார்.

ஆளை நிற்கவைத்து, வாயில் குண்டூசியோடு, பாவாடையின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மண்டிபோட்டே மடித்துப் பழகிய உடம்பு. கேமராக் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டார். தன் நிழல் பூவின் மேல் விழாதபடி அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

ஐந்தடி. மூன்றடி. பறக்கவில்லை.

கொசு இப்போது டாக்டரின் கழுத்துக்கு வந்திருந்தது.

இரண்டடி. பறக்கவில்லை.

தலைவரின் முகம் சற்றுச் சுருங்கியது. தன்னை நம்பிய பூச்சி கண்டவரையும் நம்புவது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சாணுக்கு வந்ததும் அக்கா கேமராவைத் தூக்காமல் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் ஒருமுறை குலுங்கியது. பாவம், கண் கலங்கிவிட்டது என்று பொருளாளர் நினைத்தார்.

பிறகு ஒரே ஒரு க்ளிக்.

அக்கா எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, சாதாரணமாக நடந்து வந்தார். அப்போதும் அது பறக்கவில்லை.

தலைவர் கேமராவுக்குக் கையை நீட்டினார். குறை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். பெரிதாக்கினார். உணர்கொம்பு இரண்டும் நூல் பிடித்த மாதிரி விழுந்திருந்தன. இன்னும் பெரிதாக்கினார்.

பூச்சியை விட அசையாமல் நின்றார்.

கடைசியில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, அக்காவிடம் முதல் முறையாக மெல்லப் பேசினார்.

“இத வேற யாருக்கும் காட்டணுமாம்மா?”

“எதுக்கு சார்? அது உங்களத்தான நம்பிச்சு.”

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அவர் மேசை தேடவில்லை. செயலாளரைத் திருப்பி நிறுத்தி, முதுகில் வைத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பூச்சி கலைந்துவிடக் கூடாதே என்று சத்தம் வராமல் தட்டினார்கள்.

கழகத்தில் யாருக்கும் அக்கா காட்டவில்லை. வேலி இடுக்கில் வைத்து நாத்தனாருக்கு மட்டும் காட்டினார்.

பூவின் மஞ்சளோடு மஞ்சளாக, சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சிலந்தி. வண்ணத்துப்பூச்சியின் கழுத்தை இறுகக் கவ்விக்கொண்டிருந்தது. தலைவர் முக்காலியை விரிப்பதற்கு முன்பே வண்ணத்துப்பூச்சி செத்துப்போயிருந்தது.

நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள், அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, பறக்கிற பூச்சிகள் இருக்கும் பக்கமாகப் போய்விட்டார்.