தேய்ந்த ஈயக்கட்டை

1987 ஆவணி மாதம், சங்கரன்கோவிலில் ஓர் அச்சகம். அழைப்பிதழில் இறந்தவர் பெயருக்கு முன்னால் போடும் ‘லேட்’ என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுத்தெழுத்தாகக் கோக்காமல், ஒரே ஈயக்கட்டையாக வார்த்து வைத்திருந்தார் அதன் முதலாளி பரமானந்தம். எல்லாக் கல்யாணத்திலும் யாராவது ஒருவருக்கு அது தேவைப்பட்டதால் ஓரங்கள் தேய்ந்திருந்தன.

மகள் செண்பகத்தின் கல்யாணப் பத்திரிகைக்காக வந்த ஆவுடைத்தாய், கணவன் சுடலைமுத்துவின் பெயருக்கு முன்னால் அதைப் போடச் சொன்னாள். அவன் வீட்டைவிட்டுப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. செய்தி எதுவும் இல்லை. ஓடிப்போனவன் பெயரை அப்படியே அச்சடித்தால் ஊருக்குப் பதில் சொல்ல முடியாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். லேட் என்று போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கட்டையை விரல்களில் உருட்டிக்கொண்டே பரமானந்தம் அவள் நெற்றியைப் பார்த்தார்.

“இம்புட்டுப் பெரிய பொட்டோட வந்து நின்னா நான் எப்படிம்மா போடுவேன்?”

“கல்யாணம் முடியுத வரைக்குந்தான அண்ணாச்சி.”

“அதுக்குப் பொறவு?”

“அதுக்குப் பொறவு வந்தா வரட்டும். நாலு கேள்வி கேக்கதுக்காவது ஆளு உசுரோட இருக்கணும்லா?”

அவர் கட்டையைச் சட்டத்தில் வைத்து இறுக்கினார்.

கல்யாணத்தன்று செண்பகத்தைத் தாரை வார்க்கச் சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்தார்கள். ஆவுடைத்தாய் வெறும் நெற்றியோடு சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாள்.

மறுநாள் காலை பால் வாங்க அச்சகத்தைக் கடந்து போனாள். நெற்றியில் பொட்டு இருந்தது.