பாதியாக்கிய படம்

படத்தைச் சிறிதாக்கும்போதெல்லாம் போன் கொதித்தது. போனுக்குள் படங்களைக் கையாளும் கிராபிக்ஸ் சிப், படத்தின் ஒரே புள்ளியை நினைவகத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்து வந்ததுதான் காரணம். ஒரு தடவை எடுத்தால் போதும் என்று அவள் நிரலை மாற்றி எழுதினாள். சோதித்துப் பார்க்கக் கைக்கு அகப்பட்டது வீட்டுப் படம். கடற்கரையில் அப்பா, அம்மா, அவள்.

படம் பாதியாகச் சுருங்கியது. போன் சூடாகவே இல்லை.

"நல்லா வந்திருக்கே," என்றார் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர். "அம்மா தோள்ல கை போட்டிருக்கிறது யாரு?"

அவள் குனிந்து பார்த்தாள்.

"எங்க அக்கா."

"எங்க இருக்காங்க?"

"போன வருஷம் தவறிட்டாங்க. இந்தப் படத்தை எடுத்ததே அவங்கதான்."

அவர் சுருக்காத பெரிய படத்தைத் திறந்தார். அதில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

"எங்கயோ தப்பு பண்ணிட்டோம். பழையபடியே மாத்திடுங்க."

"கொஞ்சம் இருங்க."

அக்கா மறைந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே, சிறிய படத்தை மறுபடி பாதியாக்கினாள்.

அக்கா அம்மாவை விட்டு நகரவில்லை. அப்பாவுக்கு அந்தப் பக்கம், பெரிய படத்தில் அவளே நின்றிருந்த இடத்தில், வெறும் மணல் இருந்தது. அப்பா, அம்மா, அக்கா மூவரும் படம் எடுப்பவரைப் பார்ப்பதுபோல நேராக அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.