சடையப்பனின் கொக்கி

தேர்வறை வாசலில் நின்றவர்கள்: சூப்பர்வைசர் தேர்வு எழுத வந்த சடையப்பன், சாவியோடு வாட்ச்மேன் பத்ரன், மிஷினை விட்டு ஓடிவந்து மூச்சிரைக்கும் ரங்கராசு.

"சடையண்ணா, ரோலர்ல பஞ்சு சுத்திக்கிச்சுங்ணா. வந்து எடுத்து உட்டுட்டுப் போயிருங்."

மிஷினை நிறுத்தாமல், ஓடும்போதே கொக்கியை விட்டுப் பஞ்சை இழுப்பதுதான் அந்த மில்லின் வழக்கம். அந்த வேலையில் சடையப்பனை மிஞ்ச ஆளில்லை. அதனாலேயே அவன் இன்னும் மிஷினோடு கிடந்தான்.

"போன வருசமும் இப்படித்தான் கூப்ட்ட. திரும்பி வாரதுக்குள்ள கதவச் சாத்திட்டாங்க. இந்த வருசத்தோட எனக்கு வயசு வரம்பு முடியுதுடா."

"நீங்க சூப்பர்வைசர் ஆயிட்டா எங்களுக்கு யாருங்ணா எடுத்து உடுவா?"

"மணி அடிச்சாச்சு. உள்ள போறதுன்னா போ," என்றார் பத்ரன்.

சடையப்பன் இடுப்பிலிருந்து கொக்கியை உருவினான். தன் கைக்கு வாகாகத் தானே வளைத்துக்கொண்டது; ஒருநாளும் யாருக்கும் கொடுத்ததில்லை. அதை ரங்கராசுவின் வலது கையில் திணித்தான்.

"நீயே எடு."

ரங்கராசு ஓடினான். சடையப்பன் உள்ளே நுழைந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். எடுத்தது இடது கை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இடது கைக்கென்று வளைத்த அந்தக் கொக்கியை வலது கையால் விட்டால் பஞ்சு வெளியே வராது. கைதான் உள்ளே போகும்.

"பத்ரண்ணா, அவனை நிறுத்துங்க!"

அவன் திரும்புவதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, வெளியே பூட்டில் சாவி திரும்பியது.