மாட்டாஸ்பத்திரியில் ஒரு கையெழுத்து

"என் மூஞ்சிக்கு நான்தான்டா அத்தாட்சி. பூமி சுத்துற வரைக்கும் வேற எவனும் அதுக்குக் கையெழுத்துப் போட முடியாது" என்கிறான் கௌஸ் பாஷா. செஞ்சி மாட்டாஸ்பத்திரி முற்றத்தில், கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவின் பின்னால் நின்றுதான் சொல்கிறான். மருத்துவ நுழைவுத்தேர்வு விண்ணப்பத்தில் ஒட்டிய போட்டோவில் கெஜட்டட் அதிகாரி கையெழுத்து வேண்டும். இன்று கைக்குக் கிடைத்த அதிகாரி மாட்டு டாக்டர். அவர் கையோ தோள்வரை பசுவுக்குள் இருக்கிறது. விண்ணப்பம் இன்றைய தபாலில் போகாவிட்டால் இந்த வருஷம் அவ்வளவுதான். அதே கையெழுத்துக்காக வந்த காஸ்பர், டாக்டர் சொன்னபடி பசுவின் வாலை ஒதுக்கிப் பிடித்திருக்கிறான். "இன்னாடா, வாலப் புடிச்சா மெடிக்கல் சீட்டு குடுத்துடுவாங்களா? வெக்கமா இல்ல?" என்கிறான் கௌஸ் பாஷா. ராஜகிரிக் கோட்டை மலையின் சாயங்கால நிழல் வேலியைத் தாண்டி வருகிறது. கன்றின் இரண்டு குளம்புகள் வெளியே தெரிகின்றன, அசையவில்லை. "கன்னு செத்துப்போச்சும்மா" என்கிறார் டாக்டர். பசுவை வண்டியில் ஏற்றிவந்த அமலோற்பவம் கயிற்றை விடாமல் தரையில் உட்காருகிறாள். "இதையாவது காப்பாத்திக் குடு சாமி. வூட்ல வேற ஒண்ணும் இல்ல." "சார், போஸ்ட் ஆபீஸ் மூடிடும்..." என்ற கௌஸ் பாஷாவைப் பசு மட்டும்தான் திரும்பிப் பார்க்கிறது. காஸ்பர் வாலை விட்டுவிட்டுக் குளம்புகளைப் பற்றி இழுக்கிறான். விட்ட வால் ரத்தத்தோடு டாக்டர் முகத்தில் அடிக்கிறது. கௌஸ் பாஷா விண்ணப்பத்தை மடித்துச் சட்டைக்குள் செருகுகிறான். பிறகு வாலைப் பிடித்துக்கொள்கிறான்.