முதலில் வந்த துகள்

ஈய அணுக்கருக்கள் இரண்டு மோதிக்கொண்ட இடத்திலிருந்து ஒரு துகள் பறந்து வந்து, சுற்றிலும் நின்ற, துகள்களை அளக்கும் கருவிச் சுவரில் முதல் ஆளாக ஒட்டிக்கொண்டது.

"அங்கே எவ்வளவு சூடு?" என்று கேட்டது சுவர்.

"என் வேகத்தைப் பார்த்தாலே தெரியலையா? இடிச்சவங்களையெல்லாம் தள்ளிட்டு வந்தவன் நான். என்னையே எழுதிக்கோ."

"உன் வேகத்தை எழுதிட்டேன். சூட்டை எல்லாரும் வந்த பிறகுதான் எழுதுவேன்."

ஆயிரக்கணக்கில் துகள்கள் வந்து ஒட்டின. கடைசியாக ஒரு மெதுவான துகள் முதல் துகளின் பக்கத்தில் வந்து சேர்ந்தது. சுவர் எல்லோருடைய வேகத்தையும் சேர்த்துப் பார்த்தது.

"சூரியனோட நடுவைவிட லட்சம் மடங்கு சூடு."

"அதில் என் சூடு எவ்வளவு?" என்று கேட்டது முதல் துகள்.

"தனி ஆளுக்குச் சூடுன்னு ஒண்ணு கிடையாது. நீங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு இருந்ததுதான் சூடு."

முதல் துகள் பக்கத்தில் இருந்த மெதுவான துகளைக் கேட்டது: "அங்கே என் முதுகிலேயே இடிச்சுக்கிட்டு இருந்தது நீதானே?"

"ஆமா. நீகூட திட்டினியே."

"இப்போ ஒரு தடவை இடியேன்."

மெதுவான துகள் அசைந்து பார்த்தது.

"எட்டலை," என்றது.