முடிச்சுப் போடாத நூல்

கட்டிலுக்கடியில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான் கண்ணில் படாதிருக்க, சின்னவள் சுருக்கு வைத்த ஃப்ரில் தைத்துக்கொண்டிருந்தாள். எட்டு மீட்டர் துணியில் தளர்வாக ஓட்டுத்தையல் போட்டு, கட்டிலைச் சுற்றிப் பரப்பினாள். தரையில் உட்கார்ந்து நூலை இழுத்ததும் துணி அலை அலையாகச் சுருங்கி வந்தது.

அக்கா இருந்தவரை கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். அளவு சரியானதும் நூலை இரண்டு தடவை சுண்டுவாள். வாயைத் திறந்து சொல்ல முடியாது. வாய் நிறையக் குண்டூசி. அவள் செத்து மூன்று வருடமாகிறது.

பாதி இழுத்த பிறகுதான் மறுமுனையில் முடிச்சுப் போடாதது சின்னவளுக்கு உறைத்தது. நூல் மொத்தமும் உருவிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஆனால் விண்ணென்று நின்றது.

“ஏங்க, அந்தப் பக்கம் நீங்களா பிடிச்சிருக்கீங்க?”

“நான் இங்க பாத்திரம் தேய்ச்சிட்டிருக்கேன்,” என்றான் கணவன் சமையலறையிலிருந்து.

மீதியையும் இழுத்து முடித்ததும் அவள் விரலில் நூல் இரண்டு தடவை சுண்டியது. டேப்பை எடுத்து அளந்தாள். இம்மி பிசகவில்லை.

அவள் எட்டிப் பார்க்கவில்லை. நூலையும் விடவில்லை.

“ஒரு வார்த்தை பேசேன்க்கா,” என்றாள்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் குண்டூசிகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின.